வி எஃப் என் தக்காளியும் எங்கள் கொல்லையும்

தக்காளிக்குப் பேர்போன பாலக்கோட்டில் இருந்துகொண்டு வீட்டில் தக்காளி வைக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. விலை விழுந்தால் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற ஊர் இது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டினபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது குழம்புக்குக் கரையும் தக்காளி இல்லை. வட்டமாக நறுக்கினால் விதையும் சாறும் ஓடாமல், பிரெட்டுக்கு நடுவில் கெட்டியாக நிற்கிற பழம்.

போன வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினன் ஒரு பாக்கெட் விதை கொண்டுவந்தான். மேலே பெரிதாக வி, எஃப், என் என்று போட்டிருந்தது. "நோயே வராத ஹைபிரிட் மாமா, பழம் கால் கிலோ இருக்கும், கவலைப்படாதீங்க" என்றான். பன்னிரண்டு நாற்று தேறியது. நாற்பது நாளில் ஏழு செடிகளின் கொழுந்து கிண்ணம் மாதிரி மேலே சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, குட்டையாக நின்றுவிட்டது. செடியைத் தட்டினால் மாவு பறக்கிற மாதிரி வெள்ளை ஈ. இலைச்சுருள் வைரஸ், அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இந்த ஈதான்.

மீதி ஐந்தும் பூத்துப் பிஞ்சு விட்டது, சரி தப்பித்தோம் என்று நினைத்தேன். ஒரு மதியம் இலை பச்சையாகவே தொங்கியது, சாயங்காலம் நிமிர்ந்தது, மறுநாளும் அப்படியே, மூன்றாம் நாள் நிமிரவில்லை. அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து ஊதுவத்திப் புகை போல வெள்ளையாக ஓர் இழை கீழே இறங்கியது. பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் இரண்டு வருஷமாகக் கத்தரி வைத்திருந்தேன். கத்தரிக்கும் தக்காளிக்கும் இது பொது நோய், மண்ணிலேயே கிடக்கும். தப்பு என் பேரில்தான்.

அப்புறம்தான் அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று தேடினேன். வி என்றால் வெர்ட்டிசிலியம், எஃப் என்றால் ஃபுசேரியம், இரண்டும் பூஞ்சை வாடல். என் என்றால் வேரில் முடிச்சு போடும் நூற்புழு. என் கொல்லைக்கு வந்த இரண்டு நோயும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. முன்வாசலில் காவலுக்கு ஆள் போட்டேன், திருடன் புழக்கடை வழியாக வந்தான். நோய் எதிர்ப்பு ரகம் என்று யாராவது சொன்னால் எந்த நோய்க்கு என்று கேளுங்கள்.

இந்தத் தடவை அர்கா ரக்ஷக். பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைபிரிட். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றுக்கும் தாங்கும். பழம் 90, 100 கிராம்தான், மச்சினன் சொன்ன கால் கிலோ எல்லாம் இல்லை. கத்தரி வைக்காத இடமாகப் பார்த்து, நாற்றை 25 நாள் கொசுவலைக்குள் வளர்த்து ஆறு செடி நட்டேன். இளம் நாற்றில் வைரஸ் ஏறினால்தான் பாதிப்பு அதிகம், அதனால் வலையை மட்டும் விடாதீர்கள்.

ஒன்றுமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு செடியின் உச்சி லேசாகச் சுருண்டது, ஆனாலும் காய்த்தது. மழை பிடித்த வாரத்தில் அடி இலைகளில் வளையம் வளையமாகக் கருகல் புள்ளி, கிள்ளிப் போட்டதோடு நின்றுவிட்டது. காய்ப்புழு எந்த ஹைபிரிட்டுக்கும் பயப்படாது, பத்துப் பதினைந்து காய் அதற்குப் போனது. கர்நாடகத்தில் ஒரு விவசாயி செடிக்கு 19 கிலோ எடுத்ததாகச் செய்தியில் வந்தது. எனக்குச் செடிக்கு ஐந்து கிலோ இருக்கும். ஐந்தே போதும், தினம் காலையில் நறுக்கி உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிடுகிறோம், துண்டு உடையவே இல்லை.

அம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லை. "ரசத்துக்கு ஆகாதுடா இது, புளிப்பே இல்ல" என்கிறார். ஆனால் நல்ல பழமாக இரண்டு எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துவிட்டார். ஹைபிரிட் விதையை எடுத்துப் போட்டால் அதே மாதிரி வராதும்மா, தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து வரும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆட்டுக்கல் ஓரமாக இப்போது நாலு நாற்று நிற்கிறது.