ஒயர் புகாரையும் போலீஸ் மேல புகாரையும் ஒரே மனுவுல எழுதாதீங்க

தோட்டத்துக் கெணத்து மோட்டார் ஒயரை ராத்திரியில அறுத்துட்டுப் போயிட்டாங்க. புகார் குடுக்கப் போன எங்கப்பாவை, எழுபது வயசு மனுசனை, ஸ்டேஷன்ல ஒருத்தர் "வா, போ"ன்னு பேசி, தோளைப் புடிச்சு வெளிய தள்ளியிருக்கார். சின்னப் பையனையே "வாங்க கண்ணு"ங்கிற ஊருங்க இது. புகாரை வாங்கினதுக்கு அத்தாட்சியாத் தர்ற சி.எஸ்.ஆர். ரசீதும் தரலை.

போலீஸ் மேல புகார் சொல்ல மாவட்டத்துக்கு ஒரு ஆணையம் உண்டு, கலெக்டர்தான் தலைவர்னு வக்கீல் ஒருத்தர் சொன்னார். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு, திங்கக்கிழமை குறைதீர் நாளுக்குப் போனேன். கவுண்டர்ல இருந்தவர் மனுவைப் பிரிக்கக்கூட இல்லை. "போலீஸ் மேட்டருங்களா, எஸ்.பி. ஆபீஸ் போங்க." ஆணையம்னேன். "அப்படியெல்லாம் இங்க ஒண்ணுமில்லீங்க." சுப்ரீம் கோர்ட்டு 2006ல சொல்லி, தமிழ்நாடு 2013ல சட்டமே போட்ட விசயம்! (அந்த ஆணையத்துல எஸ்.பி.யும் ஒரு உறுப்பினர்ங்கிறது தனிக் கூத்து.)

புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுத்தது சுலபமா முடிஞ்சுது. மூணு வாரம் கழிச்சு போன் வந்துச்சு. எங்கிருந்துங்கறீங்க? அதே ஸ்டேஷன்! மனுவை விசாரிக்கச் சொல்லி அங்கயே அனுப்பியிருக்காங்க. போனா, ஒயருக்கு சி.எஸ்.ஆர். குடுத்து, "மனு முடிச்சாச்சு, கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. அப்பாவைத் தள்ளினதைப் பத்தி மூச்சில்லை.

தப்பு என்னுதுதான். ரெண்டையும் ஒரே தாள்ல எழுதினேன். அவங்க லேசானதை எடுத்துக்கிட்டாங்க. கையெழுத்துப் போடாம வந்துட்டேன்.

மறுபடி எழுதினப்ப ஒயர் பேச்சையே எடுக்கலை. தேதி, நேரம், என்ன வார்த்தை, யார் பார்த்தாங்கங்கிறது மட்டும். கடைசியில, "சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பாம டி.எஸ்.பி. விசாரிக்கணும்"னு ஒரு வரி. மனு நம்பர் போட்ட ரசீதை வாங்காம நகராதீங்க. எஃப்.ஐ.ஆர். போடலைன்னா அது தனி வழி: பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டத்தோட 173(4) படி எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பலாம், அதுக்கும் மேல மாஜிஸ்திரேட். மனித உரிமை ஆணையத்துக்குப் போறதுன்னா சம்பவம் நடந்து ஒரு வருசத்துக்குள்ள.

போன வாரம் டி.எஸ்.பி. ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தார். "உக்காருங்கய்யா"ன்னு சேர் போட்டு வாக்குமூலம் வாங்கினாங்க. பஸ்ல வர்றப்ப, "சேர் போட்டாங்க சாமி"ன்னு ரெண்டு தடவை சொன்னார்.

அறிக்கை இன்னும் வரலை. அதைக் கேட்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுப் போட பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி வெச்சிருக்கேன்.