பேர்ச்சஸ் கணக்கும் வாடகைக் கணக்கும்

கொழும்பில் வணிகக் கட்டடத் தரகுக்கு வருகிற இளையவர்களில் பாதிப் பேருக்கு மேல் விற்பனைப் பக்கம் போகத்தான் ஆசை. ஒரு கட்டடம் கைமாறினால் கிடைக்கிற கமிஷன் பெரிது, ஒரு மாடியை வாடகைக்கு விட்டால் கிடைப்பது சிறிது. ஆசைப்படுவதில் பிழையில்லை, நானும் அந்த ஆசையோடுதான் போனேன். எங்களை முதலில் உட்கார வைத்தது பழைய குத்தகை ஒப்பந்தக் கட்டுகளுக்கு முன்னால். வாடகை ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாதவர் கட்டடம் விற்கப் போகக் கூடாது என்பது எங்கள் பயிற்சியாளரின் பிடிவாதம். சிங்கப்பூரில் பல வருடம் இதே தொழில் செய்துவிட்டு வந்தவர் அவர். இப்போது என்னிடம் புதியவர்கள் வரும்போது நானும் அதே பிடிவாதம்தான் பிடிக்கிறேன்.

காரணம் இலகுவானது. முதலீட்டுக்காகக் கட்டடம் வாங்குபவர் காசு கொடுப்பது அதன் வாடகைக்கு. அந்த வாடகை எவ்வளவு காலம் வரும், யார் தருவார், எப்போது கூடும், எந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. இருபது பக்க ஒப்பந்தத்தை ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுது என்பார்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், சதுர அடி, முற்பணம், வாடகை உயர்வு, உள் வேலை முடியும்வரை வாடகை இல்லாத காலம், இடையில் விட்டுப்போகும் உரிமை, சோலைவரி (மாநகர சபைக்குக் கட்டும் சொத்து வரி), காப்புறுதி, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர். பார்க்கச் சலிப்பான வேலை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதும்போதுதான், ஒப்பந்தத்தில் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும்.

ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மின்தடை நேரத்தில் கட்டட உரிமையாளர் ஜெனரேட்டர் வசதி தருவார்’ என்று ஒரு வரி இருக்கும். டீசலுக்கு யார் காசு என்று எழுதியிருக்காது. மின்சாரம் எப்போதாவது அரை மணி நேரம் நின்ற காலத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்காத கட்டடம் குறைவு. அதே வருடம் ரூபாய் விழுந்தது. ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்து சில மாதங்களில் 360 வரை போனது. டொலர் மதிப்போடு இணைத்த வாடகை கொடுத்தவர்களுக்கு, சம்பளம் ரூபாயில், வருமானம் ரூபாயில், வாடகை மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மறுபக்கம், வருடத்துக்கு 5 வீத உயர்வு என்று ரூபாயில் எழுதிக் கொடுத்த உரிமையாளர்கள், செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது தலையில் கை வைத்தார்கள். ஒப்பந்தத்தில் ஓர் உட்பிரிவு எதற்காக இருக்கிறது என்பதை அந்த ஒரு வருடம் கற்றுத் தந்ததுபோல் எந்த வகுப்பும் கற்றுத் தராது. இன்றும் பாடம் எடுக்கும்போது அமெரிக்க உதாரணங்களை ஒதுக்கிவிட்டு 2022ஐத்தான் எடுக்கிறேன்.

பாடத்திட்டம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. டல்லஸில் ஒரு கிடங்கு, சிகாகோவில் ஓர் அலுவலக மாடி என்றுதான் பயிற்சிக் கணக்குகள் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடத்தை அளக்கும் முறையை அவர்கள் அளவுக்கு யாரும் கட்டுப்பாடாக எழுதி வைக்கவில்லை. போமா என்ற கட்டட உரிமையாளர் சங்கம் 1915இலேயே அதற்கு ஒரு தரம் வெளியிட்டிருக்கிறது. நாங்களும் நாடா பிடித்து எங்கள் அலுவலகத்தையே அளந்தோம். சுவரின் உட்பக்கமா நடுவா, தூணைக் கழிப்பதா சேர்ப்பதா, லிஃப்ட் முன்னால் இருக்கிற இடத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். 1,000 சதுர அடிக்கு வாடகை கட்டுபவருக்கு மேசை போட 800தான் மிஞ்சுகிறது என்றால், இரண்டு கட்டடங்களின் சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கொழும்பில் இன்னமும் பலர் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்.

அப்புறம் தெருவில் இறக்கிவிட்டார்கள். கோட்டை, யூனியன் பிளேஸ், கொள்ளுப்பிட்டி என்று ஒவ்வொரு கட்டடமாகப் போய், எந்த மாடியில் யார் இருக்கிறார், எவ்வளவு இடம், ஒப்பந்தம் எப்போது முடியும் என்று ஒரு படம் வரைய வேண்டும். கீழ்த்தளத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு நின்றால் காவலாளி வந்து பக்கத்தில் நிற்பார். அவரிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசத் தெரிந்தால், எந்த மாடியில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், எந்த நிறுவனம் கதிரை மேசைகளை ஏற்றிக்கொண்டு போனது என்பதெல்லாம் தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடும். பாடப்புத்தகத்தில் இதைச் சந்தை ஆய்வு என்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாடப்புத்தகம் இங்கே எடுபடாது. அது விலை.

வகுப்பில் சொல்லித் தந்தது இது: கட்டடத்தின் நிகர வருமானத்தை, வாங்குபவர் எதிர்பார்க்கும் வருவாய் வீதத்தால் வகுத்தால் விலை. அந்த வீதத்தைத்தான் கேப் ரேட் என்கிறோம். இனி வெள்ளவத்தையில் காலி வீதியோரம் 12 பேர்ச்சஸ் (இங்கே காணியை அளக்கும் அலகு) காணியில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாடிக்கு 2,000 சதுர அடி, சதுர அடிக்கு 150 ரூபாய். மாதம் 12 இலட்சம், வருடம் 1.44 கோடி. மாடி காலியாகக் கிடக்கும் மாதங்கள், சோலைவரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 1.2 கோடி. 10 வீதம் எதிர்பார்ப்பவருக்கு அந்தக் கட்டடம் 12 கோடி பெறும். உரிமையாளரிடம் போய்க் கேளுங்கள். பேர்ச்சஸ் ஒன்றரைக் கோடி, 12 பேர்ச்சஸ், ஆக 18 கோடி, கட்டடம் சும்மா என்பார். இரண்டுக்கும் இடையில் 6 கோடி.

அப்படியொரு உரிமையாளரின் வீட்டில், கணக்குத் தாளை முன்னால் வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார்.

“பிள்ளை, நீங்கள் சொல்லுற கணக்கு சரி. ஆனால் இது என்ன நிலையான வைப்போ, வட்டியைப் பார்த்து மதிக்க? காணி காணிதான்.”

“அது சரி ஐயா. ஆனால் வாங்க வாறவர் வாடகையைத்தானே பார்ப்பார்?”

“அப்ப அவர் எனக்குத் தேவையில்லை.”

இதை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. 2022இல் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தாலே 30 கிடைக்கும்போது, காணிக்காரர் கேட்கும் விலைக்கு 7 வீதம் கூடத் தராத கட்டடத்தை எந்த முதலீட்டாளரும் வாங்கமாட்டார் என்பது பாடப்புத்தக நியாயம். அந்தக் கணக்குப்படி கட்டட விலை பாதாளத்துக்குப் போயிருக்க வேண்டும். காணிக்காரர்கள் விற்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். 2025இல் அந்த வட்டி 8 வீதத்துக்குக் கிட்ட வந்தபோது அவர்களுடைய காணி அப்படியே இருந்தது. விற்கத் தேவையில்லாதவருக்குச் சந்தை விலை ஒரு செய்தி மட்டும்.

சிக்கல் அடுத்த தலைமுறையில் வருகிறது. அப்பா வெள்ளவத்தையில் பேர்ச்சஸ் எண்ணுகிறார். மகன் லண்டனிலோ டொரன்டோவிலோ இருந்து தொலைபேசியில் வருவாய் வீதம் கேட்கிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தால் வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீடுகளுக்கு விலக்கு உண்டு, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை இல்லை. ஆகவே வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் விசாரித்தால், விலை பேசுவதற்கு முன்னால் அவர் கையில் இருப்பது எந்தக் கடவுச்சீட்டு என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிகாகோ உதாரணத்தில் இந்தக் கேள்வி வராது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் சாட்சிகளோடு எழுத வேண்டும் என்கிற 1840ஆம் ஆண்டுச் சட்டமும் வராது. கைகுலுக்கிவிட்டு முற்பணம் கொடுத்தவர்கள் அந்தச் சட்டத்தைக் கேள்விப்படுவது பெரும்பாலும் வழக்குக்குப் போன பிறகுதான்.

இப்போது புதியவர்களை ஒரே தாளில் இரண்டு விலையையும் எழுத வைக்கிறேன். இடது பக்கம் வாடகையில் வருகிற விலை, வலது பக்கம் காணியில் வருகிற விலை. இரண்டுக்கும் இடையிலான தூரம் சிறிதென்றால் முதலீட்டாளரைத் தேடலாம். பெரிதென்றால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டடத்தை இடித்துவிட்டு உயரக் கட்டக்கூடியவரையோ, தானே கடை நடத்தப் போகிறவரையோ தேட வேண்டும். முதலாமவருக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை எத்தனை மாடிக்கு அனுமதிக்கும் என்பதுதான் விலை. இரண்டாமவருக்கு வாசலில் வாகனம் நிறுத்த இடம் இருக்கிறதா என்பது.

மூக்குக்கண்ணாடிப் பெரியவரின் கட்டடமும் கடைசியில் விற்றது. வாங்கியவர் பக்கத்துப் புடவைக் கடைக்காரர். என் தாளில் இருந்த இரண்டு விலையும் அவருக்குத் தேவைப்படவில்லை. நடுச்சுவரை உடைத்தால் தன் கடையின் முகப்பு எவ்வளவு அகலமாகும் என்பதை மட்டும் இரண்டு தரம் வந்து அளந்து பார்த்தார். கொடுத்த விலை வாடகைக் கணக்கை விட நன்றாகக் கூட, பெரியவர் கேட்டதை விடக் கொஞ்சம் குறைய. அதிலிருந்து எந்தக் கட்டடத்தின் கோப்பைத் திறந்தாலும், இடது பக்க வீட்டுக்காரர் யார், வலது பக்கக் கடைக்காரர் யார் என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன்.