அறுபதாம் கல்யாண சிடியும் பதினொரு டிவிடிகளும்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் 2007-இல் நடந்தது. ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு படங்கள் அடங்கிய ஒரு சிடியும் தந்தார். அதைப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே அத்தனை பத்திரமாக வைத்திருந்தோம். போன தீபாவளி லீவில் எடுத்துப் போட்டால் டிரைவ் ‘கிர்ர் கிர்ர்’ என்று இழுத்துக்கொண்டே இருந்தது. மொத்தம் 530 படங்கள். 412 வந்தன. மற்றவை பாதி சாம்பல் நிறமாக வந்தன, அல்லது வரவே இல்லை.

சிடியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு ஓட்டைகளில் வெளிச்சம் கசிந்தது. உற்றுப் பார்த்தால் அவை ஒரு வரிசையாக இருந்தன. ‘அறுபதாம் கல்யாணம்’ என்று அம்மா பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய அதே எழுத்துகளின் வழியாகத்தான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

நாம் கீறல் விழாமல் பொத்திப் பொத்திப் பார்ப்பது சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தை. அங்கே 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கிறது. கொஞ்சம் கீறினாலும் தாங்கும். தகவல் பதியும் சாயப் பூச்சும் அதன் மேலுள்ள உலோகப் பூச்சும் லேபிள் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதன்மேல் பேனாவால் அழுத்தினால் அந்தப் பூச்சு உடைந்து காற்று உள்ளே போகும். டிவிடியில் இந்தச் சங்கடம் குறைவு. 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டி, நடுவில் தகவலை வைத்திருப்பார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். மிஞ்சியவற்றையும், ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடந்த பழைய படங்கள், வீடியோக்களையும் சேர்த்து ஒழுங்காக டிவிடியில் ரைட் பண்ணுவது. மொத்தம் 38 ஜிபி இருந்தது. ‘இந்தக் காலத்தில் டிவிடியா?’ என்று மகள் சிரித்தாள். ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி இருக்கிறதுதான். ஆனால் ஒருமுறை எழுதி மூடிய டிஸ்கை வைரஸும் அழிக்காது, தூக்கக் கலக்கத்தில் நானும் அழிக்க முடியாது. அப்புறம், உண்மையைச் சொன்னால், எனக்கு இந்த வேலை பிடிக்கும். கல்லூரி நாட்களில் நண்பர்களுக்கெல்லாம் பாட்டு சிடி போட்டுக் கொடுத்த கை இது. அப்போது சிடி எழுத நீரோ என்ற மென்பொருள்தான். ‘நீரோ பர்னிங் ரோம்’ என்று பெயர் வைத்து, எரிகிற கொலோசியத்தைச் சின்னமாகப் போட்டிருந்தார்கள். ரோமப் பேரரசன் நீரோ செத்தது கி.பி. 68-இல், கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியதே அதற்குப் பிறகு. அந்தச் சின்னத்தை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன், அப்போது தோன்றவே இல்லை.

முதல் வாரம் முழுக்கக் கடை தேடுவதிலேயே போனது. ஒரு காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் மோசர் பேயர் டிஸ்க் டப்பா அடுக்கியிருக்கும். நொய்டாவில் ஆலை வைத்திருந்த அந்த நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. சோனி 2025 பிப்ரவரியோடு ரைட் செய்யக்கூடிய புளூரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. நான்காவது கடையில், ‘இதெல்லாம் இன்னும் யாரு சார் வாங்குறாங்க?’ என்று கேட்டுக்கொண்டே பரண்மேல் ஏறித் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். ஒருமுறை எழுதும் டிவிடி-ஆர் 50, அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ 3, யூஎஸ்பியில் செருகும் ஒல்லியான ரைட்டர் ஒன்று. டிவிடி+ஆர், டிவிடி-ஆர் என்று இரண்டு வகை உண்டு; பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. இன்றைய ரைட்டர்கள் இரண்டையும் ஏற்கும். நான் மைனஸ் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. லேசரின் சக்தியைக் கூட்டாமல் ‘சும்மா ஒத்திகை’ பார்க்கும் வசதி டிவிடி-ஆரில் உண்டு, டிவிடி+ஆரில் கிடையாது.

ஆர்டபிள்யூவில்தான் முதலில் கை பழகினேன். அதில் இருப்பது சாயம் அல்ல, உலோகக் கலவை. லேசர் சூட்டின் அளவைப் பொறுத்து அது படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிப் போகும். ஆயிரம் முறை வரை அழித்து எழுதலாம் என்பார்கள். அழிப்பதில் இரண்டு வகை. ‘வேகமாக அழி’ என்றால் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது போல. ஒரு நிமிடத்தில் முடியும். ‘முழுதாக அழி’ என்றால் ஆரம்பம் முதல் கடைசி வரை துடைக்கும்; 2 எக்ஸ், அதாவது இரு மடங்கு வேக டிஸ்கில் அரை மணி நேரம். நான் அவசரக்காரன், வேகமாக அழித்தேன். ஒரு ஃபோல்டரை எழுதினேன், வந்தது. மறுநாள் இன்னொரு ஃபோல்டரைச் சேர்க்கப் போனால் மாட்டேன் என்றது. வேகமாக அழித்த டிவிடி-ஆர்டபிள்யூவில் ஒரே மூச்சில்தான் எழுத முடியுமாம், பிறகு ஒட்டுப்போட முடியாதாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போனது.

மென்பொருள் விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி. இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. ஆனாலும் இன்றைக்கும் வேலை செய்கிறது, செய்வதையெல்லாம் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே செய்கிறது. அந்தப் பதிவேட்டை வாசிக்கும் பழக்கம் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கே3பி பார்க்கவும் நன்றாக இருக்கும்.

முதல் டிஸ்க் எழுதும் முன்பே ஒரு கணக்குப் பிழை. டப்பாவில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறதே என்று 4.6 ஜிபிக்கு ஃபோல்டர் கட்டினேன். உள்ளே போகவில்லை. டப்பாக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது. விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபிதான். இருபது வருடத்துக்கு முன்னால் இது எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது டிஸ்க் 60 சதவீதத்தில் நின்றுபோனது. ரைட்டரை நான் ஒரு யூஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தேன். அதே ஹப்பில் மவுஸ், கீபோர்டு, மகளின் போன் சார்ஜர் எல்லாம் தொங்கின. எழுதும்போது லேசருக்கும் மோட்டாருக்கும் நிறைய மின்சாரம் வேண்டும். பழைய யூஎஸ்பி போர்ட் தருவதே அரை ஆம்பியர். சிபியுவின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகியதும் சரியாகிவிட்டது. கெட்டுப்போன டிஸ்க் இப்போது என் காபி டம்ளருக்கு அடியில் இருக்கிறது.

இனிமேல்தான் உண்மையான தலைவலி: தமிழ்ப் பெயர்கள்.

ஸ்கேன் செய்த படங்களுக்கு மகள் ஆசை ஆசையாகத் தமிழில் பெயர் வைத்திருந்தாள். ‘தாத்தா பாட்டி அறுபதாம் கல்யாணம் மாலை மாற்றும்போது எடுத்த படம் 01’, ‘02’ என்று வரிசையாக. டிஸ்கில் எழுதிப் பார்த்தால் கடைசியில் எண்ணையே காணோம். ஒரு ஃபைலில் ‘படம்’ என்பதன் புள்ளி மட்டும் உதிர்ந்து ‘படம’ என்று நின்றது. ஒரே பெயரில் முப்பது ஃபைல் வந்ததால், மென்பொருள் இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு எண் போட்டிருந்தது. மாலை மாற்றுவது எது, மாங்கல்யதாரணம் எது என்றே தெரியவில்லை.

காரணம் ஜோலியட். சிடி, டிவிடிகளில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் அடிப்படைக் கோப்பு முறை ஐஎஸ்ஓ 9660. அதன் பழைய விதிப்படி பெயருக்கு 8 எழுத்து, அதன்பின் வரும் .jpg போன்ற நீட்டிப்புக்கு 3 எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். மற்ற மொழிப் பெயர்களுக்காக மைக்ரோசாஃப்ட் அதன்மேல் ஒட்டிய பகுதிதான் ஜோலியட். அதில் பெயருக்கு 64 இடம். ஆங்கிலத்தில் 64 தாராளம். தமிழில் நம் கண்ணுக்கு ‘மா’ ஒரு எழுத்து. கணினிக்கு மகரம் ஒன்று, கால் ஒன்று என இரண்டு. ‘ம்’ என்றாலும் அப்படியே, புள்ளிக்குத் தனி இடம். மகள் வைத்த பெயரில் ‘மாற்றும்போது’ வரைக்கும் நாம் எண்ணினால் இடைவெளியோடு 29. கணினி எண்ணினால் 49. ‘எடுத்த படம் 01’ சேர்ந்தால் 64 நிரம்பிவிடும், நீட்டிப்புக்கு இடமில்லை. அதனால் நீட்டிப்பைக் காப்பாற்ற எண்ணையும் புள்ளியையும் பலி கொடுத்திருக்கிறது.

யூடிஎஃப் என்ற முறையில் எழுதினால் 127 இடம் கிடைக்கும், எல்லாப் பெயரும் முழுதாக வந்தன. சரி, தீர்ந்தது என்று அதை எடுத்துக்கொண்டு போய் அத்தை வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால், டிஸ்கே இல்லை என்றது. பழைய பிளேயருக்குப் பழைய முறையும் வேண்டும். கடைசியில் தோற்று, இரண்டையும் சேர்த்து எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஃபோல்டருக்கு ‘2007 கல்யாணம்’ என்று சின்னப் பெயர், படங்களுக்கு 001, 002. மகள் எழுதிய நீண்ட பெயர்களையெல்லாம் ஒரு உரைக் கோப்பில் எண்ணுக்கு எதிரே போட்டு அதே டிஸ்கில் வைத்தேன். அவளுக்கு அரை மனசுதான்.

இதற்கிடையில் அக்கா வந்திருந்தபோது தானும் ஒரு டிஸ்க் எழுதிப் பார்க்கிறேன் என்றாள். அவள் மடிக்கணினியில் விண்டோஸே கேட்டது: யூஎஸ்பி டிரைவ் போலவா, சிடி டிவிடி பிளேயருக்கா? அவள் முதலாவதைத் தட்டிவிட்டாள். இழுத்துப் போட்டாலே எழுதிக்கொள்ளும், வசதிதான். ஆனால் ஒருமுறை எழுதும் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் அது பார்வையிலிருந்து மறையுமே தவிர இடம் திரும்ப வராது. பிளேயர்களும் பெரும்பாலும் அதைப் படிக்காது. ‘போட்டு அழிச்சு, போட்டு அழிச்சு, டிஸ்கையே காலி பண்ணிட்டேன் போலடா’ என்றாள்.

ரைட் ஆகி ‘வெற்றி’ என்று வந்ததும் டிஸ்கை உறையில் போட்டு மூடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது டிஸ்க் என் ரைட்டரில் நன்றாகவே ஓடியது. அக்காவின் மடிக்கணினியில் கடைசி ஃபோல்டரின் மூன்று வீடியோ மட்டும் உறைந்து நின்றன. டிஸ்க் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படும். விளிம்பில்தான் தட்டு அதிகம் ஆடும், பிழையும் அங்கேதான் அதிகம். அந்த டிஸ்கை நான் விளிம்பு வரை நிரப்பி, 8 எக்ஸ் வேகத்தில் எழுதியிருந்தேன். 4 எக்ஸுக்கு இறக்கினேன். ஒரு டிஸ்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது, ஆகட்டும்.

விளிம்புக்கு டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருளைப் பிடித்தேன். எழுதப்போகும் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிய இமேஜை நான் 3.7 ஜிபியில் நிறுத்திக்கொண்டால், மிச்ச இடத்தை அது பிழைதிருத்தத் தகவலால் நிரப்பிவிடும். அதாவது எழுதும் தகவலின் அளவில் ஏறக்குறைய 18 சதவீதம் காப்பீடு. நம்பிக்கை வராமல் ஆர்டபிள்யூ ஒன்றில் எழுதி, அடிப்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்தேன். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் இரண்டு படம் உடைந்தது. டிவிடிசாஸ்டரில் படிக்கவிட்டுச் சரிசெய்யச் சொன்னதும் இரண்டும் முழுதாக வந்தன. அந்த ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் யாரையாவது எழுப்பிக் காட்ட வேண்டும் போலிருந்தது.

சரிபார்ப்பதிலும் ஒரு சின்ன விஷயம். எழுதி முடித்ததும் டிஸ்கை வெளியே எடுத்து மறுபடி போட்ட பிறகே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி தன் நினைவிலிருந்தே பதில் சொல்லிவிடக்கூடும். கே3பி தானாகவே தட்டைத் துப்பும். பெரிய டிரைவ் என்றால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த ஒல்லி ரைட்டருக்கு உள்ளிழுக்கும் மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டும். சரிபார்க்க விட்டுவிட்டுத் தூங்கப் போய், காலையில் பார்த்தால் வாயைத் திறந்தபடி ராத்திரி முழுக்கக் காத்திருந்தது.

அப்பாவுக்காக ஒன்றே ஒன்று ஆடியோ சிடி. கல்யாணத்தன்று வாசித்த நாதஸ்வரம் கேசட்டில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றியதில் 74 நிமிடம் வந்தது, 80 நிமிட சிடிக்குள் அடங்கும். முதலில் எழுதியதில் ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கும் இடத்தில் இரண்டு நொடி மௌனம். தடம் தடமாக எழுதினால் நடுவே அந்த இரண்டு நொடி வந்து விழும். முழு டிஸ்கையும் ஒரே வீச்சில் எழுதும் முறைக்கு மாற்றியதும் தவில்காரர் இடைவெளியில்லாமல் வந்து சேர்ந்தார். சோதனைக்குச் சிடி-ஆர்டபிள்யூவில் போட்டதை அப்பாவின் பழைய பிளேயர் தொடவே இல்லை. ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைத் திருப்பி அனுப்புவது குறைவு, பழைய கண்ணுக்கு அது போதாது.

பழைய சிடிகளைக் கிளறியதில் இன்னொன்று கிடைத்தது. நான் எப்போதோ தட்டச்சு செய்து வைத்த ஒரு கடிதம். ஃபைல் ஒரு பிட் கெடாமல் வந்தது. திறந்தால் எல்லாம் கிறுக்கல். இன்றைய பொது எழுத்துக் குறியாக்கமான யூனிகோட் பரவும் முன்னால், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியது. மாற்றியில் போட்ட பிறகுதான் தமிழ் தெரிந்தது. அதனால் இப்போது எழுதும் உரைக் கோப்புகள் எல்லாம் யூனிகோடில்தான் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இன்றைய நிலவரம்: பதினொரு டிவிடியும் முடிந்தன. அதே இமேஜ்களிலிருந்து அக்கா வீட்டுக்கு இன்னொரு செட், அதில் நான்கு முடிந்திருக்கின்றன. காணாமல் போன 118 படங்களில் கொஞ்சத்தை ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும், அது அடுத்த மாதம். டிஸ்க்குகளில் பெயர் எழுதும் வேலையை அம்மாதான் செய்வேன் என்றார். பால்பாயிண்டை வாங்கி வைத்துவிட்டு, மெத்தென்ற முனையுள்ள மார்க்கரைக் கொடுத்து, தகவலே இல்லாத நடு வளையத்தில் எழுதச் சொன்னேன். விரல் அகலம்கூட இல்லாத இடம் அது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘அ.க. 2007’ என்று எழுதிக் கொடுத்தார்.