"ஒட்சிசன்" எழுதுகிறேன்

தாவரவியல் சேர் காலமான செய்தி வாட்ஸப் குழுவில் வந்த அன்றே நினைவுமலர்க் குழு கட்டுரை கேட்டுவிட்டது. அவரைப் புகழ்ந்து எழுதப் பலர் இருக்கிறார்கள். என்னை வகுப்புக்கு வெளியே விட்ட கதையை நான்தானே எழுத வேண்டும்?

நிலக்கரியாக மாறிய சதுப்புக் காடுகள் வளர்ந்த, 30 கோடி ஆண்டுக்கு முந்திய நிலக்கரிக் காலத்தில் வளியில் ஒட்சிசன் இன்றையைவிடக் கூடுதலாக இருந்தது என்றார் சேர். "ஆர் சேர் போய் அளந்தது?" என்று கேட்டேன். அறியத்தான் கேட்டேன். வகுப்பு சிரித்ததும் அவருக்கு அது பகிடியாகப் பட்டுவிட்டது. மணி அடிக்கும்வரை விறாந்தையில் நின்றேன். அதிபர் வேறு அந்த வழியால் போனார். அன்று ஒட்டிய "ஒட்சிசன்" என்ற பட்டப்பெயர் கனடாவரைக்கும் கூடவே வந்துவிட்டது.

பதில் இங்கே நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஜாகின்ஸ் கடற்கரையில் கிடந்தது. ஃபண்டி விரிகுடாவின் வற்றுப்பெருக்கு பாறையை அரிக்க அரிக்க, ஏறத்தாழ 31 கோடி ஆண்டுக்கு முந்திய, அதே நிலக்கரிக் காலத்து மரங்கள் நின்றபடியே கல்லாகி வெளிவருகின்றன. 1852இல் நிலவியலாளர்கள் லயலும் டோசனும் அப்படியொரு கோறை மரத்துக்குள் சிறு விலங்கின் எலும்புகளைக் கண்டார்கள். அத்தகைய அடிமரங்களில் மரக்கரியும் கிடைக்கிறது. வழிகாட்டிப் பெண் தந்த துண்டு சிரட்டைக் கரிபோல விரலில் பிடித்தது. (எடுத்துவர முடியாது, சட்டம்.) கைவில்லையில் பார்த்தால் நூல்நூலாகக் காழ், மரத்தில் நீர் கடத்தும் இழையம்! சவர அலகால் தண்டை மெல்லிசாகச் சீவப் பழக்கி, காழ் எது, உணவு கடத்தும் உரியம் எது என்று காட்டித் தந்தவர் அதே சேர்தான். சீவல் தடித்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மரம் உக்கும், கரி லேசில் உக்காது. பாறையில் கரி இருந்தால் அங்கே காடு எரிந்திருக்கிறது. ஒட்சிசன் ஏறத்தாழ 16 வீதத்துக்குக் குறைந்தால் காட்டுத்தீ பரவாது, இப்போது 21. வேல்ஸிலும் போலந்திலும் 43 கோடி ஆண்டுப் பழமையான கரி கிடைத்திருக்கிறது, ஆக அப்போதே அந்த எல்லையைத் தாண்டியாயிற்று. சதுப்புநிலத்தில் உருவான நிலக்கரிக்குள்ளேயே கரி மலிந்து கிடப்பதால், பிறகு வந்த நிலக்கரிக் காலத்தில் ஈரக்காடும் பற்றும் அளவுக்கு ஒட்சிசன் கூடியிருந்தது என்கிறார்கள்.

சேர் சொன்னது சரி. என் கேள்வியும் சரிதான். ஊரில் இருந்திருந்தால் ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி ஆறும்வரை வாதாடியிருப்பேன். "ஏன் 16? ஏன் 15 இல்லை?" என்று என்னையே மடக்கியிருப்பார். இங்கே மகளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "ஓமப்பா" என்றாள்.