ரவென்னா, இத்தாலி, நவம்பர்

நவம்பர் 6
மழை. அக்கா போனை எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை.

நவம்பர் 7
காலா பிளாசிதியா கல்லறை மண்டபத்துக்குள் ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள். ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது, மெல்லிய அலபாஸ்டர் கல். அதன் வழியே மஞ்சள் வெளிச்சம் கசிகிறது, மேலே கருநீலத்தில் பொன் நட்சத்திரங்கள். கண் பழகுவதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த ரோமப் பேரரசி அம்மாள் இறந்தது ரோமில், 450இல். இங்கே புதைக்கப்படவே இல்லை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். பக்கத்திலேயே சான் விட்டாலே கோயில். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் எதிரெதிர்ச் சுவர்களில் மொசைக்கில் ஜம்மென்று நிற்கிறார்கள், இருவருமே இந்த ஊர்ப் பக்கம் வந்ததில்லையாம்.

நவம்பர் 8
ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. டிக்கெட்டை மாற்றவா என்றேன். வந்து என்ன செய்யப் போகிறாய் என்கிறாள் அக்கா.

நவம்பர் 9
சாந்த் அப்போலினாரே நுவோவோ. கத்தோலிக்கர் ஏற்காத ஆரியஸ் வழிக் கிறிஸ்தவரான கோத் அரசர் தியோடரிக் கட்டிய கோயில். பைசாந்தியர்கள் ஊரைப் பிடித்தபின் கத்தோலிக்கர் கைக்குப் போனது. சுவரில் அவருடைய அரண்மனை, மொசைக்கில். தூண்களுக்கு நடுவே நின்றிருந்த ஆட்களையெல்லாம் பெயர்த்துவிட்டு வெள்ளைத் திரைகளைப் பதித்திருக்கிறார்கள். ஆனால் தூண்களின் மேல் நீட்டியிருந்த கைகள் அப்படியே இருக்கின்றன! ஒரு தூணில் முன்கை, இன்னொன்றில் வெறும் விரல்கள். தூணையும் உடைத்துத் திரும்பப் பதிக்கச் சோம்பலா, அல்லது இங்கே ஆள் இருந்தான் என்று தெரியட்டும் என்றே விட்டார்களா, அதையே யோசித்துக்கொண்டு கழுத்து வலிக்கும் வரை நின்றேன். இரு சுவர்களிலும் கத்தோலிக்கப் புனிதர்கள் நீள வரிசையாய் நிற்கிறார்கள், அவர்களை யார் பார்க்கிறார்கள்.

நவம்பர் 10
கைகள்.

நவம்பர் 11
சான் பிரான்செஸ்கோ கோயில். இந்த ஊர் தாழ்ந்துகொண்டே வந்ததால் நிலவறையில் நிலத்தடி நீர் நிற்கிறது, அடியில் பழைய மொசைக் தரை, மேலே தங்கமீன்கள். காசு போட்டால் விளக்கு எரியும். பொட்டென்று அணைந்தது, இன்னொரு காசு, மறுபடி அணைந்தது. கோயிலை ஒட்டிக் கவிஞர் தாந்தே சமாதி. 1321இல் இங்கேதான் இறந்தார். பிளாரன்ஸில் சாந்தா குரோச்சே கோயிலுக்குள் அவருக்குப் பெரிய கல்லறை கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை.

மாமா பேசினார். சாப்பிட்டாயா, குளிரா என்றெல்லாம் கேட்டார். மனுஷன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

நவம்பர் 12
பக்கத்திலிருக்கும் கிளாசே போகவில்லை. டிக்கெட்டை மாற்றிவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை. பொலோனியாவுக்குக் காலை முதல் ரயில்