இரண்டாவது கேள்வி

மார்ச் 3
ஐ.இ.எல்.டி.எஸ் ஆங்கிலப் பரீட்சை ரிசல்ட் வந்தது. ரைட்டிங்கில் பேண்ட் ஸ்கோர் 6. மற்ற மூன்றும் 7-க்கு மேல். பிரிட்டன் நர்சிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் 6.5 இருந்தாலே போதும். அரை பேண்ட். அரை.

மார்ச் 4
நைட் டூட்டி.

மார்ச் 8
பரீட்சையில் எழுதியதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதி கோச்சிங் சாரிடம் காட்டினேன். இளைஞர்கள் ஏன் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகிறார்கள், அது நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தார்கள். ஏன் என்பதற்கு மூன்று பத்தி எழுதியிருக்கிறேன், வேலை, படிப்பு, மழை பொய்த்த கதை எல்லாம். நல்லதா கெட்டதா என்பதற்குக் கடைசியில் ஒரே வரி: இரண்டும் உண்டு. சார் பேனாவை மூடிவிட்டு, "இதுக்குப் பதில் எங்கேம்மா?" என்றார். 310 வார்த்தை எழுதியிருந்தேன், 250 போதும் என்கிற பரீட்சையில். பக்கத்து டேபிளில் அயல்நாட்டு வேலைக்குப் படிக்கும் பையன்கள். காது சுட்டது.

மார்ச் 9
அம்மா ஃபோனில்: "எப்ப போவே மக்களே? பிள்ளைய எப்ப கூட்டிட்டுப் போவே?" நல்ல ரிசல்ட் வந்ததும் போவேன் என்றேன்.

மார்ச் 15
கம்ப்யூட்டரில் எழுதியதால் ரைட்டிங்கை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாமாம். பணம் கட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 21
முதல் பத்தியிலேயே இரண்டு பதிலையும் ஒவ்வொரு வரியில் சொல்லிவிட வேண்டும், அப்புறம் கேள்விக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான் என்கிறார் சார். கேட்க எளிதாக இருக்கிறது. 40 நிமிடம் டைமர் வைத்து உட்கார்ந்தால் முதல் கேள்வி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறது, தெரிந்ததைத்தானே மனசு எழுதும், காரணம் சொல்வது எனக்கு வரும், வார்டில் தினமும் அதைத்தான் செய்கிறேன், ஏன் காய்ச்சல், ஏன் சர்க்கரை ஏறியது. நல்லதா கெட்டதா என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. இன்று 28-வது நிமிடத்தில்தான் இரண்டாவது கேள்வியின் பத்திக்கே வந்தேன். மார்க்கில் கால்வாசி கேட்டதற்கு முழுதாகப் பதில் சொல்வதற்குத்தான், இலக்கணத்துக்கு இன்னொரு கால்வாசி. நான் இலக்கணத்தையே கட்டி அழுதுகொண்டிருந்தேன்.

மார்ச் 22
இனி இரண்டாவது கேள்வியை முதலில் எழுதிப் பார்க்கலாம். வரிசை மாறினால் பரவாயில்லையா? சாரிடம் கேட்க வேண்டும்.

மார்ச் 26
கேட்டேன். சிரித்தார். பரவாயில்லையாம், ஆனால் வரிசையில் போனால் படிப்பவருக்குச் சுலபமாம்.

ஏப்ரல் 1
அம்மா மறுபடியும் அதே இரண்டும். பாப்பா பக்கத்தில் இருந்தாள். ஃபோனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5
19 நிமிடத்தில் முதல் கேள்வியின் பத்தி முடிந்தது!! எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த மாதிரி தோள் வலி.

ஏப்ரல் 10
எழுதியாயிற்று. வயதானவர்கள் ஏன் தனியாக இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது. இரண்டாவதுக்குத்தான் நீளமாக எழுதினேன், அம்மாவை நினைத்து. முதல் கேள்விக்கு என்ன எழுதினேன் என்று