63 வயதில் சிகரெட்டை விட்டேன்: சூயிங்கம் கொடுத்தார்கள், மெல்லும் முறையைச் சொல்லவில்லை

சிகரெட்டை விட்டு 14 மாதம் ஆகிறது. 22 வயதில் தொடங்கிய பழக்கம், நாளுக்கு ஒரு பாக்கெட். விட்டதில் நிம்மதிதான். ஆனால் அதற்கு முன் வீணாய்ப் போன 2 ஆண்டுகளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

61 வயதில் போய்ப் பார்த்த மருத்துவர், "இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப் போகுது? குறைச்சுக்கங்க, போதும்" என்றார். நம்பித் திரும்பினேன். பிரிட்டனில் 1951 முதல் 50 ஆண்டுகள் மருத்துவர்களையே பின்தொடர்ந்த ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கும் ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடியது என்று பிறகுதான் அறிந்தேன்.

மறு ஆண்டு நானாகவே மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கேட்டேன். 2 மில்லிகிராம் அட்டையை எடுத்து நீட்டினார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாதாரண சூயிங்கம் போலவே மென்று எச்சிலை விழுங்கினேன். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். சிகரெட் ஆசை மட்டும் துளியும் குறையவில்லை. 9-ஆம் நாள் மறுபடி பற்றவைத்தேன். "உங்களுக்கு மனசு வரலைங்க" என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மனசு காரணமில்லை, முறைதான் தப்பு. மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் சுள்ளென்று பட்டதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கொஞ்சம் மெல்ல வேண்டும். இப்படியே அரை மணி நேரம். நிகோட்டின் வாயின் உட்புறத் தோல் வழியாக ஏற வேண்டியது. விழுங்கினால் வயிற்றைத்தான் கெடுக்கும். 15 நிமிடம் முன்பிருந்தே காப்பி, பழச்சாறு கூடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பிடிப்பவருக்கு 2 போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். நான் கண் விழித்ததும் பற்றவைத்தவன்! இத்தனையையும் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் தாளில் படம் போட்டு விளக்கினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கூடவே தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச்சும் எழுதிக் கொடுத்தார். 21, 14, 7 மில்லிகிராம் என்று பத்து வாரத்தில் இறக்கியதில் சிரமமில்லை. ஒட்டும் இடத்தைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். கெட்ட கனவு வந்தால் படுக்கும் முன் எடுத்துவிடலாம்.

நான் எதிர்பாராத இடி காப்பியில் வந்தது. முதல் வாரம் முழுக்கக் கை நடுக்கம், படபடப்பு, தூக்கமே இல்லை. சிகரெட் இல்லாததால் என்றே நினைத்தேன். சிகரெட் புகை, காப்பியில் உள்ள காஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கழிக்கும்படி செய்கிறதாம். புகை நின்றதும் அதே காப்பி ரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்காகத் தங்கிவிடும். ஆறு டம்ளரை மூன்றாக்கினேன்; இரண்டே நாளில் தூக்கம் வந்தது. சில மருந்துகளுக்கும் இதே கதைதான். சர்க்கரைக்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து எடுப்பவர்கள், விடப் போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இருமல் முதலில் கூடும். பயந்துவிடாதீர்கள், நுரையீரல் சளியை வெளியே தள்ளத் தொடங்கியிருக்கிறது. வாரக்கணக்கில் நீடித்தாலோ, ரத்தம் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

ஏழாவது வாரம் பழைய நண்பர் ஒருவர் நீட்ட, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். எல்லாம் போயிற்று என்று அழுகை வந்தது. மருத்துவருக்கு போன் செய்தேன். "பேட்ச்சை நிறுத்தாதீங்க ஐயா, நாளைக்குக் காலையில வழக்கம்போல ஒட்டுங்க" என்றார். மறுநாள் காலை இடது தோளில் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொடவில்லை.